நுனி தேடின குழாய்

போன வருஷம் பெரியப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். நாற்பது வருஷமா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆஞ்சியோ முடிந்து வெளியே வந்த டாக்டர், "இடது பக்கம் கிளம்ப வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இவருக்கு வலது பக்கத்துல இருந்து கிளம்புது. அதைத் தேடவே நேரமாயிடுச்சு" என்றார். தேடுவதா? என்ன என்று படிக்கப்போய் 1958-க்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 30, அமெரிக்காவின் க்ளீவ்லாந்து. மேசன் சோன்ஸ் பெருந்தமனியில் சாயம் செலுத்தும்போது குழாயின் நுனி தற்செயலாக வலது கரோனரிக்குள் நழுவியிருந்தது. இதயம் சில நொடிகள் நின்றே போனது. நோயாளியை இருமச் சொன்னார், துடிப்பு திரும்பியது. கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்த கதை இதுதான்.

1967-ல் மெல்வின் ஜட்கின்ஸ் அதைச் சுலபமாக்கினார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என முன்கூட்டியே வளைத்த குழாய்கள். பெரும்பாலானோருக்கு நுனி தானாகவே சரியான இடத்தில் போய் உட்காரும். பேட்டர்ன் வைத்துத் துணி வெட்டுற மாதிரிதான். ஆனா எல்லா உடம்பும் பேட்டர்னுக்குள் வராதே! 1990-ல் யமனாக்கா, ஹாப்ஸ் வெளியிட்ட க்ளீவ்லாந்து கணக்கில் 1,26,595 பேரில் 1,686 பேருக்கு அமைப்பு வேறு. அதாவது 1.3 சதவீதம். பெரியப்பாவுடையது அதில் அடிக்கடி காணப்படும் வகை. சாதாரண நாளில் பெரும்பாலும் தொந்தரவு தராதது.

அட்டாக் நேரத்தில்தான் சிக்கல். இருக்க வேண்டிய இடத்தில் ரத்தக்குழாய் தெரியவில்லை என்றால், முழுசா அடைத்துவிட்டதா, வேறெங்கோ கிளம்புதா? வேறு வளைவுள்ள குழாய்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். அதுவரை இதயத் தசை காத்திருக்காது.

இங்கேதான் நம்ம ஊர் வரலாறு வருது. 2012-ல் அஜித் முல்லசாரி, தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர் நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம். ஆஞ்சியோ வசதி தூரத்தில் இருந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ. ஆய்வில் 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது.

தூரத்துக்காக யோசித்த வழி இது. ஆனால் ஊசி மருந்துக்கு ரத்தக்குழாய் எங்கே கிளம்புது என்று தெரிய வேண்டியதில்லை. ரத்தத்தோடு கலந்து அடைப்புக்கே போய்விடும். எல்லோருக்கும் கட்டி கரையாது, ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்குப் போடவும் முடியாது. பெரியப்பாவுக்குத் திருப்பூரிலேயே போட்டார்கள், கரைந்தது. கோவையில் டாக்டர் நிதானமாகத் தேட முடிந்தது அதனால்தான்.

"அப்ப நான் பேட்டர்ன் மாறின பீஸா கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்க பெரியப்பா என்றேன். அந்த ஆஞ்சியோ ரிப்போர்ட்டின் நகல் இப்போது அவர் பர்ஸிலும் என் போனிலும் இருக்கு. அடுத்த டாக்டர் முதலிலிருந்து தேட வேண்டாம். உங்க வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோ செய்திருந்தால், ரிப்போர்ட்டை எடுத்து ஒருதரம் படிச்சுப் பாருங்க.