சிவிங்கியும் ஆண்மானும் இரு இந்தியப் பணியாளரும்

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1764-65 அளவில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகட்டுக்காக வரையப்பட்டது. இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன ஒரு சிவிங்கி, அதைப் பழக்கி நடத்திய இரு இந்தியர், அவர்கள் முன் நிற்கும் ஓர் ஆண்மான் ஆகிய நான்கு உருவங்களும் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்ட துணியில் இடம்பெற்றுள்ளன. ஓவியம் இப்போது இங்கிலாந்தின் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது.

ஓவியர்

ஸ்டப்ஸ் 1724இல் லிவர்பூலில், தோல் பதனிடுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யார்க் நகரில் உடற்கூற்றியல் கற்றார். 1750களின் பிற்பகுதியில் லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் தங்கி, இறந்த குதிரைகளைத் தோலுரித்து, தசை தசையாகப் பிரித்து வரைந்தார். மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி அப்பணியில் உடனிருந்தார். இதன் விளைவாக ‘குதிரையின் உடற்கூறு’ என்னும் நூல் 1766இல் வெளிவந்தது. ஆங்கிலப் பிரபுக்களின் நரி வேட்டை, மான் வேட்டை, பந்தயக் குதிரைகள் ஆகியவற்றை வரைந்து பெயர் பெற்ற இவர், வரிக்குதிரை, கங்காரு முதலிய அயல்நாட்டு விலங்குகளையும் வரைந்தார். 1806இல் லண்டனில் இறந்தார்.

சிவிங்கி வேட்டை

சிவிங்கியைப் பழக்கி மான் பிடிக்கும் வழக்கம் தக்காணத்தில் மிகப் பழையது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ இதை விவரிக்கிறது. முகலாயர் காலத்தில் இது பெருவழக்காயிற்று. தாயிடம் வேட்டை கற்காத குட்டி பயன்படாது என்பதால், வளர்ந்த சிவிங்கிகளையே காட்டில் பிடித்தார்கள். பழக்கியபின் கண்களை மூடி, மாட்டு வண்டியில் ஏற்றி வெளிமான் கூட்டத்துக்கு அருகே கொண்டுபோவார்கள். கண்மூடியை நீக்கியதும் அது சில நூறு மீட்டர் தூரம் மின்னலாய்ப் பாய்ந்து மானை வீழ்த்தும். பணியாளர் ஓடிச்சென்று அதற்கு இரத்தமோ இறைச்சியோ கொடுத்து, மீண்டும் கண்ணை மூடிவிடுவார். இந்த வேலைக்கு நீண்ட பொறுமையும் விலங்கின் குணமறிந்த கையும் வேண்டும்.

மைசூர் மன்னர்களும் சிவிங்கிகளை வளர்த்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் வேட்டைச் சிவிங்கிகள் ஆங்கிலேயர் வசமாயின. எனினும் பிகட் கொண்டுபோன சிவிங்கி இவற்றுக்கு ஒரு தலைமுறை முந்தியது. அது எப்பகுதியில் பிடிபட்டது என்பது உறுதிப்படவில்லை.

1764 வின்ட்சர் சோதனை

பிகட் 1755 முதல் 1763 வரை சென்னை ஆளுநராக இருந்தார். 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அதைக் காத்தவர் அவரே. பதவி முடிந்து ஊர் திரும்பியபின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் அளித்த பரிசுகளுள் ஒன்று இந்தச் சிவிங்கி. மன்னர் அதைத் தம் சிற்றப்பாவான கம்பர்லாந்து கோமகனிடம் ஒப்படைத்தார். வின்ட்சர் பெரும்பூங்கா அப்போது கோமகனின் பொறுப்பில் இருந்தது.

1764 ஜூன் 30 அன்று பூங்காவின் ஒரு பகுதியை வலைகளால் அடைத்து, உள்ளே ஓர் ஆண்மானை விட்டார்கள். பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. கண்மூடியை நீக்கிச் சிவிங்கியை ஏவியபோது மான் ஓடவில்லை. கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்று, நெருங்கிய சிவிங்கியைத் தூக்கி எறிந்தது. மீண்டும் ஏவியும் பயனில்லை. இறுதியில் சிவிங்கி அடைப்பைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்து, அங்கிருந்த வேறொரு சிறு மானைக் கொன்றது. இந்தியப் பணியாளர் பின்தொடர்ந்து சென்று அதைப் பிடித்துக் கட்டினர்.

சோதனை தோற்றதற்குச் சிவிங்கியைக் குறை சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள வெளிமானைத் திறந்த வெளியில் துரத்திப் பிடிக்கப் பழகிய விலங்கு அது. ஓட இடமில்லாத அடைப்புக்குள், தன்னைவிடப் பல மடங்கு பருத்த கொம்பு மானோடு மோதவிட்டார்கள். அந்நிய ஊரில், ஆரவாரிக்கும் கூட்டத்தின் நடுவே, ஓடிப்போன சிவிங்கியைத் திரும்பப் பிடித்து வந்த இருவரின் திறமையே அன்று வெளிப்பட்டது என்று கொள்ளலாம்.

ஓவியத்தின் அமைப்பு

ஸ்டப்ஸ் அந்த மோதலை வரையவில்லை. அதற்கு முந்திய கணத்தைத் தேர்ந்துகொண்டார். பணியாளர் ஒருவர் சிவிங்கியின் சிவப்புக் கண்மூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, அதன் உடலைச் சுற்றிய சிவப்புத் துணியைப் பற்றி நிறுத்தியிருக்கிறார். மற்றவர் கையை நீட்டி மானைச் சுட்டுகிறார். இருவரும் வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்திருக்கிறார்கள். பின்னணியில் உள்ள பாறைச் சரிவு வின்ட்சரைச் சேர்ந்ததன்று. ஓவியரின் கற்பனை நிலம்.

விலங்கின் தசையைக் கூர்ந்து நோக்கிய அதே கண் மனிதரையும் நோக்கியிருக்கிறது. துணியை இறுகப் பிடித்த விரல்கள், ஏவும்போதே அடக்கவும் ஆயத்தமான உடல்நிலை, இருவருக்கும் தனித்தனியான முகம் என எதுவும் பொத்தாம்பொதுவாக வரையப்படவில்லை. அக்கால ஆங்கில ஓவியங்களில் இந்தியப் பணியாளர்கள் பெரும்பாலும் எசமானின் அருகில் ஓர் அலங்காரமாகவே இடம்பெற்றார்கள். இங்கே எசமான் இல்லை. கோமகனும் கூட்டமும் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

கருத்து வேறுபாடுகள்

1765இல் லண்டன் கலைஞர் சங்கக் கண்காட்சியில் ‘வேட்டைப் புலியின் உருவப்படம்’ என்ற பெயரில் ஸ்டப்ஸ் வைத்தது இவ்வோவியமே எனப் பெரும்பாலோர் கொள்வர். மானின் இனம் குறித்து ஒருமித்த கருத்தில்லை. ஐரோப்பியச் செம்மான் என்பாரும், இந்தியக் கடமானின் சாயல் காண்பாரும் உளர். பணியாளருள் ஒருவர் ஜான் மார்கன் என்று அழைக்கப்பட்டவர் எனக் கருதப்படுகிறது. அது அவருக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயராக இருக்கலாம்.

பிற்காலம்

பிகட் 1775இல் மீண்டும் சென்னை ஆளுநரானார். தஞ்சாவூர் அரசை மன்னர் துளஜாவுக்குத் திருப்பியளித்ததைத் தொடர்ந்து, 1776இல் தம் ஆலோசனை மன்றத்தினராலேயே சிறைப்படுத்தப்பட்டு, 1777 மே மாதம் காவலில் இறந்தார். ஓவியம் அவர் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் இருந்தது. 1970இல் மான்செஸ்டர் கலைக்கூடம் அதை வாங்கியது.

சிவிங்கியின் வரலாறு இதனினும் துயரமானது. பிடிபட்டவை அடைப்பில் இனம் பெருக்குவது மிக அரிது. ஆகவே ஒவ்வொரு தலைமுறை வேட்டைக்கும் காட்டிலிருந்தே பிடித்தார்கள். மேய்ச்சல் வெளிகளும் வெளிமான்களும் குறைந்தன, துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 1947இல் கொரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிவிங்கி தென்பட்ட குறிப்பு 1952இல் வெளியானது. அதே ஆண்டில் சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. இவை ஆப்பிரிக்கக் கிளையினத்தைச் சேர்ந்தவை. ஸ்டப்ஸ் வரைந்தது இந்தியாவில் அற்றுப்போன ஆசியச் சிவிங்கி; அக்கிளையினத்தில் எஞ்சியவை இன்று ஈரானில் மட்டுமே உள்ளன.