பழைய ஃபிலிம் கேமராவில் க்ளோஸ்-அப் எடுக்கணுமா? மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த ஃபிலிம் கேமராவை பீரோவிலிருந்து எடுத்து, துடைத்து, ரோலும் போட்டாச்சு. செம்பருத்திப் பூவை எடுக்கலாம்னு கிட்டே போனால் எல்லாமே கலங்கலாகத் தெரிகிறதா? கேமராவில் கோளாறு இல்லை. அதோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் 45 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் ஃப்ரேமுக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு அடங்கும். பூ அதில் ஒரு மூலையில்தான் இருக்கும்.

உடனே மேக்ரோ லென்ஸ் தேடி ஓடாதீங்க. உங்களிடம் இருப்பது எஸ்.எல்.ஆரா என்று முதலில் பாருங்கள். பென்டாக்ஸ் கே1000, ஜெனிட் மாதிரி லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டுகிற கேமரா என்றால் கவலையே இல்லை. யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. கிட்டே போனால் பூவைப் பார்த்து அமுக்குவீர்கள், ஃபிலிமில் காம்பு விழும். அந்தக் கேமராவை வீட்டு மனுஷங்களை எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்பச் சுலபமான வழி, க்ளோஸ்-அப் ஃபில்டர். லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். +1, +2, +4 என்று செட்டாகக் கிடைக்கும். வாங்கும் முன் லென்ஸ் விளிம்பில் இருக்கும் அளவைப் பாருங்கள். 49 அல்லது 52 மி.மீ.யாக இருக்கலாம். +4 போட்டு, லென்ஸையும் அதன் குறைந்தபட்ச தூரத்தில் வைத்தால் சுமார் 10 செ.மீ. அகலம் ஃப்ரேமை நிரப்பும். செம்பருத்திக்கு இது போதும். வெளிச்சமும் குறையாது. ஆனால், மலிவான கண்ணாடியில் ஓரங்கள் மங்கலாகும். எஃப்/8க்கு மேல் வைத்தால் ஓரளவு சரியாகும்.

என் ஓட்டு எக்ஸ்டென்ஷன் ட்யூபுக்குத்தான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். கண்ணாடியே கிடையாது, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. ஜெனிட்டில் இருக்கும் எம்42 திருகு மவுன்ட்டுக்கு 7, 14, 28 மி.மீ. என்று மூன்று குழாய்கள் கொண்ட செட் சில நூறு ரூபாயில் கிடைக்கும். மூன்றையும் சேர்த்தால் 49 மி.மீ. 50 மி.மீ. லென்ஸில் இது கிட்டத்தட்ட 1:1, அதாவது பொருளின் நிஜ அளவிலேயே ஃபிலிமில் பதியும். ஒரு ரூபாய் நாணயம் ஃப்ரேமின் உயரத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். மூக்குத்தியின் கல், தபால்தலையின் முத்திரை எல்லாம் இப்போது உங்கள் கைக்குள்!

இதற்கு விலை வெளிச்சம். 1:1-ல் இரண்டு ஸ்டாப் போய்விடும். லென்ஸ் வழியாக ஒளியை அளக்கும் கேமரா இதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். தனி மீட்டரோ மொபைல் ஆப்போ பயன்படுத்தினால் நீங்கள்தான் நான்கு மடங்கு கூட்ட வேண்டும். இதை மறந்தால் ரோல் முழுக்க இருட்டுதான்.

லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்சிங் ரிங்கும் மலிவுதான். அதில் லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம்ம ஊர் தூசிக்கு எனக்குப் பயம், உங்கள் இஷ்டம்.

எதை மாட்டினாலும் ஃபோகஸ்தான் சோதனை. 1:1-ல் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக இருப்பது ஒன்றரை மி.மீ.க்கும் குறைவு. என் முதல் ரோலில் 36-க்கு நாலு படம்தான் தேறியது. ஃபோகஸ் ரிங்கைத் திருகிக்கொண்டு இருக்காதீங்க. அதை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, தெளியும் நொடியில் அமுக்குங்கள். காற்றில் ஆடும் காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு பிடித்து வைக்கலாம். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம், நேர் வெயில், எஃப்/11, 1:1 என்றால் ஷட்டர் 1/250 அல்லது 1/125. நிழலுக்கு வந்தால் ட்ரைபாட் கட்டாயம்.

இன்று ரோல் வாங்கி, டெவலப் செய்து, ஸ்கேனும் எடுக்க ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதனால் ஃபிலிம் போடாமலே இரண்டு நாள் பழகுங்கள். மொட்டை மாடியில் ஒரு நாணயத்தை வைத்து, வியூஃபைண்டரில் பார்த்தபடி நகர்ந்து பாருங்கள். ஷட்டரை அமுக்குங்கள், காசு செலவில்லை. பிறகு ரோலைப் போட்டதும், ஒவ்வொரு படத்துக்கும் எந்த ட்யூப், என்ன அபெர்ச்சர், என்ன ஷட்டர் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்கேன் வரும்போது எது ஏன் சொதப்பியது என்று அந்த நோட்டுதான் சொல்லும்.