ஐஸ்லாந்தின் வட்டச்சாலை: ஒரு சைக்கிள் சுற்றின் வரலாறு

ஐஸ்லாந்துக்குச் சைக்கிளோடு விமானம் ஏறுகிறவர்களில் பலருக்கும் ஆசை ஒன்றுதான். தீவை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட வேண்டும்! அதற்கென்றே ஒரு சாலை இருக்கிறது. 'ஹ்ரிங்வேகுர்' என்று பெயர், வட்டச்சாலை என்று அர்த்தம். மொத்தம் 1322 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் மிதித்தால் பதினேழு நாளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம். ஜூன் மாதத்தில் போனால் இரவு இருட்டுவதே இல்லை, எனவே நடுராத்திரியில்கூட ஓட்டலாம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், இன்னொரு பக்கம் பனி போர்த்திய எரிமலை.

கணக்கு சுலபம். ஆனால் இந்த வட்டம் 1974 வரை வட்டமே அல்ல. தெற்குக் கரையில் ஓர் இடத்தில் அறுந்து கிடந்தது. ஒட்டவைத்த பிறகும் அது பலமுறை அறுந்திருக்கிறது. வட்டச்சாலையின் கதை என்பது அந்த ஒட்டுப்போட்ட இடங்களின் கதைதான்.

முதலில், சாலை ஏன் கரையோரமாகவே போகிறது? வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போகும் பிளவின் மேல்தான் ஐஸ்லாந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் தீவின் நடுப்பகுதி முழுக்க எரிமலைகள், லாவா வெளிகள், பனியாறுகள், கறுப்புப் பாலைவனங்கள். அங்கே யாரும் ஊர் அமைத்து வாழ முடியாது. மக்கள் கடலோரத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள், சாலையும் அவர்களைத் தேடிப் போனது.

அந்த நடுப்பகுதியைச் சைக்கிளில் கடக்கத் துணிந்தவரும் உண்டு. 1933இல் ஹொரேஸ் டால் என்ற ஆங்கிலேயர் 'ஸ்ப்ரெங்கிசாந்தூர்' என்ற உள்நாட்டுப் பாலைவனத்தைச் சைக்கிளோடு கடந்தார். சாலை என்று சொல்ல அன்று அங்கே எதுவும் கிடையாது. தொலைநோக்கி செய்கிறவர்களுக்கு இவர் பெயர் வேறு விதத்தில் பழக்கம்: டால்-கிர்க்கம் வகைத் தொலைநோக்கியில் வரும் டால் இவரேதான். ஒரே ஆளுக்கு எத்தனை கிறுக்கு பாருங்கள்!

சரி, அறுந்து கிடந்த இடத்துக்கு வருவோம். தென்கிழக்கில் வாட்னயோகுல் என்ற மாபெரும் பனிப்பரப்பு இருக்கிறது. ஏறக்குறைய 7700 சதுர கிலோமீட்டர். அதன் அடியில் கிரிம்ஸ்வோத்ன் போன்ற எரிமலைகள் புதைந்திருக்கின்றன. பனிக்கு அடியில் எரிமலை இருந்தால் என்ன ஆகும்? பூமியின் சூடு பனியை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும். உருகிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏரியாகத் தேங்கும். நீர்மட்டம் ஓர் அளவைத் தாண்டியதும், மேலே அழுத்திக்கொண்டிருக்கும் பனியை நெம்பிக்கொண்டு ஒட்டுமொத்தமாகப் பாய்ந்து வெளியே வரும். ஐஸ்லாந்துக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'யோகுல்ஹ்லாப்', அதாவது பனியாற்றின் ஓட்டம். இன்று உலகம் முழுக்க நிலவியல் புத்தகங்களில் அந்த ஐஸ்லாந்துச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

இப்படிப் பாய்ந்து வந்த வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மணல்தான் ஸ்கெய்தாரார்சாந்தூர் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!). ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் மணல் வெளி. அதன் மேல் ஆறுகள் நூல் நூலாகப் பிரிந்து ஓடும். நேற்று ஓடிய இடத்தில் இன்று ஓடாது. இப்படிப்பட்ட ஆற்றுக்கு எங்கே போய்ப் பாலம் கட்டுவது?

இந்த மணலுக்குக் கிழக்கே ஓரைஃபி என்ற சிறிய வட்டாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் செழிப்பாக இருந்த ஊர்ப்பகுதி அது. 1362இல் பக்கத்திலிருந்த ஓரைஃபயோகுல் எரிமலை வெடித்து அதை அழித்தது. அதற்குப் பிறகு வந்த பெயர்தான் ஓரைஃபி. தரிசு, பாழ்நிலம் என்று பொருள். மறுபடி அங்கே குடியேறியவர்களுக்கு மேற்கிலும் கிழக்கிலும் மணலும் ஆறும்தான் எல்லை. கிழக்கே பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சாரிலோன் ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் ஆற்றில் 1967இல்தான் பாலம் வந்தது. மேற்கே அதுவும் இல்லை. வெள்ளத்தில் நீந்திப் பழகிய குதிரைகளும், ஆற்றின் போக்கைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தால்தான் கடக்க முடியும். மணலின் மேற்கு விளிம்பில் உள்ள நூப்ஸ்தாதுர் பண்ணையைச் சேர்ந்த ஹன்னெஸ் யோன்சன் என்ற தபால்காரர் அதில் பேர்போனவர். தபால் பையோடு பயணிகளையும் சேர்த்துக் கரையேற்றியவர்.

கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் தீவையே வடக்காகச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சைக்கிள்காரனுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு வாரம்!

1970களின் தொடக்கத்தில் அரசு இந்த இடைவெளியை மூடத் தீர்மானித்தது. பணம் திரட்டிய விதம் சுவாரசியமானது. பரிசுக் குலுக்கலோடு சேர்ந்த கடன் பத்திரங்களை மக்களிடம் விற்றார்கள். மணலில் பாலம் கட்ட ஊரே சீட்டு வாங்கியது என்று சொல்லலாம். ஆறுகளைக் கரைகட்டி ஒரு வழிக்குள் திருப்பி, அவற்றின் மேல் பாலங்கள் போட்டார்கள். அவற்றில் ஸ்கெய்தாரா ஆற்றுப் பாலம்தான் நாட்டிலேயே நீளமானது, கிட்டத்தட்ட 900 மீட்டர். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். ஐஸ்லாந்தில் மனிதர்கள் குடியேறி 1100 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடிய 1974ஆம் வருடம், ஜூலை 14 அன்று திறப்பு விழா நடந்தது. அன்றைக்குத்தான் வட்டம் வட்டமானது.

கட்டும்போதே பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும், ஒருநாள் பெருவெள்ளம் வரும் என்று. 22 வருடம் கழித்து அது வந்தது.

1996 செப்டம்பர் 30 அன்று வாட்னயோகுல் பனிக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோத்ன் ஏரிக்குள் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளம் இன்று வரும், நாளை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நவம்பர் 5 காலையில் உடைத்துக்கொண்டு வந்தது. உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர். காங்கோ நதியின் சராசரி ஓட்டத்தையே மிஞ்சுகிற அளவு! வீடு பெரிசு பனிக்கட்டிகள் மிதந்து வந்து தூண்களில் மோதின. கிக்யுக்விஸ்ல் ஆற்றுப் பாலம் முழுதாகப் போனது. ஸ்கெய்தாரா பாலத்தின் ஒரு பகுதியும், சுமார் பத்து கிலோமீட்டர் சாலையும் காணாமல் போயின. உயிர்ச்சேதம் இல்லை. முன்கூட்டியே சாலையை மூடிவிட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பாலம் போட்டு வண்டிகளையும் விட்டுவிட்டார்கள். வளைந்து நெளிந்த இரும்பு உத்திரங்கள் இரண்டை மட்டும் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக விட்டுவைத்திருக்கிறார்கள். காரில் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எதிர்க்காற்றில் மணல் முகத்தில் அறைய, மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்து வரும் சைக்கிள்காரனுக்குத்தான் அந்தச் சமவெளி எவ்வளவு பெரியது, எதை நம்பி அங்கே சாலை போட்டார்கள் என்பது உறைக்கும்.

மேற்கே இன்னொரு நீண்ட நாள் ஓட்டம் எல்த்ராவுன் லாவா வெளி வழியாகப் போகிறது. பார்க்க மெத்தை விரித்தது போல சாம்பல் பச்சைப் பாசி. அதன் அடியில் இருப்பது 1783இல் லாகி பிளவிலிருந்து எட்டு மாதம் வழிந்த நெருப்புக் குழம்பு. அதோடு வந்த நச்சுவாயு புல்லைக் கெடுத்தது, கால்நடைகள் மடிந்தன, பஞ்சத்தில் நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போனது. கிர்க்யுபேயார்க்லெய்ஸ்துர் ஊர்ப் பாதிரியார் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன், லாவா ஊரை நெருங்கிக்கொண்டிருந்தபோது மக்களைத் தேவாலயத்தில் கூட்டிப் பிரசங்கம் செய்தார் என்பதும், லாவா ஊருக்கு முன்பே நின்றுவிட்டது என்பதும் இன்றும் அங்கே சொல்லப்படும் கதை. அந்தப் பாசி வளர அவ்வளவு காலம் பிடித்தது. அதனால் டென்ட் போட இடம் தேடுகிறவர்கள் தயவுசெய்து அதன் மேல் சக்கரத்தை ஏற்றக்கூடாது.

அறுந்த கதைகள் இன்னும் உண்டு. 2010 ஏப்ரலில் எய்யாஃப்யாட்லயோகுல் வெடித்து (ஐரோப்பாவின் விமானங்களை எல்லாம் நிறுத்திய அதே எரிமலை) வெள்ளம் இறங்கியபோது, மார்கார்ஃப்லியோத் பாலத்தைக் காப்பாற்ற அதிகாரிகளே மண்வெட்டும் இயந்திரத்தை வைத்து வட்டச்சாலையை வெட்டி நீருக்கு வழிவிட்டார்கள். சாலையைத் திரும்பப் போட்டுவிடலாம், பாலம் போனால் கஷ்டம் என்ற கணக்கு. பாலம் தப்பியது. 2011 ஜூலையில் முலாக்விஸ்ல் ஆற்றுப் பாலம் கத்லா எரிமலைப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் போனது. ஒரே வாரத்தில் தற்காலிகப் பாலம் தயார்!

ஸ்கெய்தாரா பாலத்தின் முடிவுதான் யாரும் எதிர்பாராதது. அதை வெள்ளம் கொண்டுபோகவில்லை, ஆறு கைவிட்டுவிட்டது. பனியாறு உருகிப் பின்வாங்கியதால் 2009இல் ஸ்கெய்தாரா ஆறு தடம் மாறி மேற்கே கிக்யுக்விஸ்லோடு போய்ச் சேர்ந்தது. நாட்டின் மிக நீளமான பாலம் ஏறக்குறைய வெறும் மணலின் மேல் நின்றது. 2017இல் பக்கத்திலேயே ஒரு சின்னப் பாலம் கட்டி, சாலையை அதற்கு மாற்றிவிட்டார்கள்.

சாலையின் கடைசிச் சரளைத் துண்டு கிழக்கே பெருஃபியோர்துர் கடல்நுழைவின் ஓரத்தில் இருந்தது. 2019இல் அதற்கும் தார் போட்டாயிற்று. ஆனாலும் வட்டச்சாலை முழுவதையும் சைக்கிளில் ஓட்ட முடியாது. தலைநகருக்கு வடக்கே ஹ்வால்ஃபியோர்துருக்கு அடியில் 1998இல் திறந்த கடலடிச் சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அகுரேய்ரி அருகே 2019 ஜனவரியில் முறைப்படி திறந்த சுரங்கத்திலும் அப்படித்தான். (அதைத் தோண்டும்போது பாறையிலிருந்து வெந்நீர் பீறிட்டு வேலையே தடைபட்டது.) எனவே சைக்கிள்காரர்கள் அங்கே பழைய கணவாய் ஏறி இறங்குகிறார்கள். ஹ்வால்ஃபியோர்துரில், இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுக் கப்பல்கள் அணிவகுத்து நின்ற அந்தக் கடல்நுழைவின் கரையோரமாக, 1998 வரை வட்டச்சாலையாகவே இருந்த பழைய பாதையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக மிதிக்கிறார்கள். கார்கள் எல்லாம் கடலுக்கு அடியில் போய்விடுவதால் அந்தப் பாதை இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. மொத்தச் சுற்றிலும் சைக்கிளுக்கு அதைவிட நல்ல பாதை கிடைப்பது கஷ்டம்.