அணுக்கருப் பிளவுத் துண்டு அளவீடு

அணுக்கருப் பிளவுத் துண்டு அளவீடு என்பது, கனமான அணுக்கரு பிளவுறும்போது எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு துண்டுகளின் நிறையையும் இயக்க ஆற்றலையும் சோதனை வழியே கண்டறிவதாகும். யுரேனியம்-235 பிளவில் வெளிப்படும் சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஏறத்தாழ 170 இத்துண்டுகளின் இயக்க ஆற்றலே. அணு உலை வெப்பத்தின் பெரும்பங்கு இதுவாகும். 1939 சனவரியில் கோபன்ஹேகனில் ஓட்டோ ஃபிரிஷ் இத்துண்டுகளை அயனியாக்க அறையில் பெரிய மின்துடிப்புகளாகக் கண்டார்.

இரட்டை ஆற்றல் முறை

மிக மெல்லிய யுரேனியப் படலம் வெற்றிடத்தில் வைக்கப்பட்டு, அதன் இருபுறமும் சிலிக்கான் உணரிகள் அமைக்கப்படுகின்றன. படலம் தடித்திருந்தால் துண்டுகள் அதற்குள்ளேயே ஆற்றலை இழந்துவிடும். மெதுவான நியூட்ரானை ஏற்ற கருவின் நிறையெண் 236. உந்த அழிவின்மையின்படி நிறைகள் ஆற்றல்களுக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஒரு துண்டு 100, மற்றது 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் காட்டினால், நிறைகள் முறையே சுமார் 97, 139 ஆகும்.

கணக்கு எளிது, விடை தோராயமானது. துண்டுகள் உணரியை அடையுமுன்பே, பிளவொன்றுக்குச் சராசரியாக 2.4 நியூட்ரான்களை உமிழ்ந்துவிடுகின்றன. இவ்வெண்ணிக்கை எல்லாத் துண்டுகளுக்கும் ஒன்றன்று. நிறையைப் பொறுத்து ரம்பப் பல் வடிவில் ஏறி இறங்குகிறது. எனவே அளக்கப்படுவது பிளந்த கணத்தின் நிறையன்று. மேலும், ஒரே ஆற்றலுடைய ஆல்ஃபா துகளைவிடக் கனமான அயனி சிலிக்கானில் சிறிய துடிப்பையே தருகிறது. ஆல்ஃபா மூலத்தை மட்டும் கொண்டு அளவுதிருத்தம் செய்வது போதாது என்பதன் காரணம் இதுவே. ஓக் ரிட்ஜில் சிமிட், கைக்கர், வில்லியம்ஸ் ஆகியோர் புரோமின், அயோடின் அயனிகளைக் கொண்டு வகுத்து 1965இல் வெளியிட்ட, நிறையையும் கணக்கில் கொள்ளும் திருத்த முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

திசைவேக முறை

நியூட்ரான் உமிழ்வு துண்டின் சராசரித் திசைவேகத்தை மாற்றுவதில்லை. ஆகவே இரு துண்டுகளின் பறப்பு நேரத்தையும் அளந்தால் உமிழ்வுக்கு முந்தைய நிறை கிடைக்கும். மேற்கண்ட துண்டுகள் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 71, 101 நானோ நொடிகள் ஆகும். திசைவேகத்துடன் ஆற்றலையும் அளந்தால் பிந்தைய நிறையும் தெரியவரும்.

இந்தியாவில்

திராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 அன்று இயங்கத் தொடங்கிய அப்சரா உலை இத்துறைக்கு நியூட்ரான்களை அளித்தது. ராஜா ராமண்ணா, எஸ். எஸ். கபூர் உள்ளிட்டோர் பிளவுத் துண்டுகளையும் அவற்றிலிருந்து வெளிப்படும் நியூட்ரான்களையும் ஆராய்ந்தனர். கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி உலையின் எரிபொருள் யுரேனியம்-233 என்பதால், அங்கு நிகழும் பிளவுக்கு மேற்கண்ட கணக்கில் 236க்குப் பதிலாக 234 என இடவேண்டும்.