எருமைப் பாலும் பச்சிளங் குழந்தையும்

மைசூர் நகரின் வடமேற்கே உள்ளது ஹெப்பாள் தொழிற்பேட்டை. அங்குள்ள ஆலைகளிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் வேலை பெற்று வந்த நம்மவர் இல்லங்களில் முதற்பிள்ளை பிறக்கும்போது, பாட்டி பெரும்பாலும் ஊரில் இருக்கிறாள். “பால் போதவில்லை போலும், டப்பாப் பால் கொடுக்கலாமா?” என்று இளந்தாய் கேட்டால், அருகிலிருந்து விடை சொல்வார் இல்லை. அந்த டப்பாவின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால் விடை தானே புலப்படும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி ஹெப்பாளுக்கு வெகு அருகிலேயே நிகழ்ந்தது.

கிருஷ்ணராஜசாகரச் சாலை வழியே நகருக்குள் வருவோர் செலுவாம்பா மாளிகையைக் கண்டிருப்பர். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், இளவரசி செலுவாஜம்மண்ணிக்காக எழுந்த மாளிகை அது. 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதிலேதான் தொடங்கப்பெற்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய வி. சுப்ரமணியன் அதன் முதல் இயக்குநரானார்.

அந்நாளில் குழந்தை உணவுப் பொடி பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. அது பசும்பாலில் ஆனது. நம் நாட்டிலோ மிகுதியாகக் கிடைத்தது எருமைப் பால். அதில் கொழுப்பு பசும்பாலில் உள்ளதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. குழந்தையின் வயிற்றில் அது கெட்டியாகத் திரியும். தாயை இழந்த சிசுவுக்கு அதையே புகட்ட நேர்ந்த வீடுகளில் தண்ணீர் ஊற்றி இளக்கினார்கள். தண்ணீர் கொழுப்போடு சத்தையும் குறைத்தது; காய்ச்சாத தண்ணீரானால் வயிற்றுப்போக்கையும் கொணர்ந்தது. எருமைப் பாலைப் பொடியாக்கவே இயலாது என்று மேல்நாட்டு நிபுணர் சிலர் கூறிவந்த காலம் அது. மைசூர் விஞ்ஞானிகள் கொழுப்பில் ஒரு பகுதியை நீக்கி, திரிவு மென்மையாகுமாறு பாலைப் பக்குவம் செய்து, வைட்டமின்களைக் கூட்டி, உலர்த்திப் பொடியாக்கும் முறையை வகுத்தனர். ஆனந்த் நகரிலுள்ள கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கம் 1960-இல் அம்முறையைக் கைக்கொண்டு, ‘அமுல்’ என்னும் பெயரில் குழந்தை உணவு தயாரிக்கத் தலைப்பட்டது.

இஃது அரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாய்ப்பால் கிட்டாத பிள்ளைக்கென வேண்டப்பட்ட பொடி, உலகெங்கும் விளம்பரங்களின் வலிமையால் தாய்ப்பால் சுரக்கும் வீடுகளிலும் புகுந்துவிட்டது. ஆகவேதான் 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992-இல் நம் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. டப்பாவின்மேல் குழந்தைப் படம் அச்சிடுதல் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. படம் சிறிய விஷயம் என எண்ணற்க. அந்தக் கொழுகொழு முகத்தைக் கண்டு தம் பிள்ளை மெலிவு என மயங்கிய தாய்மார் எத்தனையோ பேர்.

பால் போதவில்லை என்பது பெரும்பாலும் அச்சமே. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். புட்டிப் பால் புகுந்தால் உறிஞ்சுதல் குறையும், ஊறுதலும் குறையும். முதல் வாரம் கழிந்தபின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது எனக் கொள்ளலாம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சேனை வைத்தல் வேண்டாம். ஆறு திங்கள் வரை தண்ணீரும் தேவையில்லை. மருத்துவரே பொடியைப் பரிந்துரைத்தால், டப்பாவில் கண்ட அளவைச் சிக்கனம் கருதிக் குறைக்கலாகாது. புட்டியைவிட நம் பாலாடை மேல். இடுக்கில்லாத பாத்திரமாதலால் கழுவிக் கொதிநீரில் இடுவது எளிது. இன்று மருத்துவமனைகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் புகட்டுகிறார்கள்.

ஆறு திங்கள் நிறைந்தபின் தாய்ப்பாலோடு கஞ்சியும் வேண்டும். இதற்கு மைசூர்ச் சீமையின் ராகியே போதும். கன்னட அண்டை வீட்டம்மாள் சொல்லும் ‘ராகி மண்ணி’ நம் கேழ்வரகுக் கூழின் உடன்பிறப்புத்தான். ராகியை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, இலேசாக வறுத்துப் பொடிக்க வேண்டும். முளைத்த தானியத்தின் மாவு காய்ச்சும்போது அதிகம் கெட்டிப்படாது. ஆதலால் சிறு வயிற்றுக்கும் கூடுதல் மாவு சேரும். மேற்கண்ட ஆராய்ச்சி நிலையமும் முளைகட்டிய ராகியோடு பாசிப்பயறு சேர்த்த குழந்தை உணவை ஆராய்ந்து வகுத்திருக்கிறது. இனிப்புக்கென்று தேன் மட்டும் ஓராண்டு நிறையுமுன் கலக்கலாகாது.