வீட்டில் ஒரு தேநீர் விருந்து

விருந்து என்றதும் நம்மில் பலருக்கு பிரியாணி தேக்சாவும் சஹன் தட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை இல்லாமல் ஒருவரை வீட்டுக்கு அழைப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் முஹல்லாக்களில் வேரூன்றிவிட்டது. இதனால் வசதியுள்ளவர்கள் எப்போதாவது ஒருமுறை ஊரையே அழைக்கிறார்கள். வசதியில்லாதவர்கள் யாரையும் அழைப்பதே இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இமாமாக இருந்த ஊரில் தையல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஃபஜ்ரு ஜமாஅத்தைத் தவறவிடாதவர். “ஹஜ்ரத், உங்கள ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடணும். கையில கொஞ்சம் காசு சேரட்டும்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நானும் “இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது அவருடைய ஜனாஸாவுக்குத்தான். “காசு எதுக்கு பாய், ஒரு டீ போதும், இன்னைக்கு அஸருக்குப் பிறகு வர்றேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்துக் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. வலீமாவே இவ்வளவு எளிமையாக நடந்திருக்க, நண்பர்களை வீட்டுக்கு அழைக்க நாம் ஏன் ஆட்டுக்கறி விலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்?

தேநீரை வைத்தே விருந்து நடத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1840-களில் பரவியது. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா அதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இடைவெளி நீண்டுபோனதால் பசி தாங்காமல் ஏற்பட்ட பழக்கம்தான் அது. நமக்கோ அந்த இடைவெளியில் ஏற்கெனவே இரண்டு தொழுகைகள் நேரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் விருந்து வைத்தால், அது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மாதத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஜூலையில் மாலை 6.40 அளவில் சூரியன் மறைகிறது. நவம்பர் இறுதியில் 5.40-க்கே மறைந்துவிடும். கோடையில் நிதானமாக உட்காரலாம். மழைக்காலத்தில் அஸர் ஜமாஅத் முடிந்து வந்து அமர்வதற்குள் பாங்கு சொல்லிவிடும். அந்த மாதங்களில் மஃரிபுக்குப் பின் அழைத்து இஷாவுக்கு முன் முடித்துக்கொள்வதே நல்லது.

எத்தனை பேர்? வீட்டில் எத்தனை பேர் நெருக்கமில்லாமல் உட்கார முடியுமோ அத்தனை பேர். பத்துப் பேருக்கு மேல் போனால் பேச்சு சிதறி, ஆளுக்கொரு மூலையில் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். யாரை அழைப்பது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பணக்காரர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவை உணவுகளில் மிகக் கெட்டது என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. பத்துப் பேரில் இருவராவது, வழக்கமாக யாரும் அழைக்காதவர்களாக இருக்கட்டும்: குடியிருப்பின் காவலாளி, ஊருக்குப் புதிதாக வந்த வாடகைக் குடும்பம், மக்தப் உஸ்தாத். பக்கத்து வீட்டு முஸ்லிமல்லாத சகோதரரையும் அழையுங்கள். பிரியாணி விருந்தில் இறைச்சி சாப்பிடாதவர் சங்கடப்படுவார். தேநீரில் அந்தச் சங்கடம் இல்லை.

இனி தேநீர். 120 மில்லி கோப்பையில் பத்துப் பேருக்கு முதல் சுற்று, பாதிப் பேருக்கு இரண்டாவது சுற்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு லிட்டர் தேவைப்படும். அதற்கு ஒரு லிட்டர் பால், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், 40 கிராம் தேயிலைத்தூள், கட்டைவிரல் அளவு இஞ்சி, எட்டு ஏலக்காய் போதும். இஞ்சியைத் தட்டித் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்க விடுங்கள். நேராகப் பாலில் போட்டால் பால் திரிந்துபோக வாய்ப்புண்டு. தூள் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதித்ததும், தனியே காய்ச்சிய பாலை ஊற்றி, ஒரு கொதி வந்தவுடன் வடிகட்டிவிட வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் துவர்ப்பும் கசப்பும் ஏறும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு பிளாஸ்கில் அடைப்பதைவிட, இரண்டாவது சுற்றைப் புதிதாகப் போடுவது மேல். வேறு வழியில்லை என்றால் முதலில் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி அலசிக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைத் தேநீரில் கலக்கவே கலக்காதீர்கள். தனிக் கிண்ணத்தில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர் “எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டிய நிலை வராது. பால் வேண்டாதவர்களுக்கு சுலைமானி போடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும்.

பலகாரம் மூன்றுக்கு மேல் வேண்டாம். காரமாக ஒன்று, இனிப்பாக ஒன்று, எண்ணெய் இல்லாமல் ஒன்று. ஆளுக்கு இரண்டு சமோசா என்று கணக்கிட்டு ஐந்தாறு கூடுதலாக மடித்து வைத்துக்கொண்டு, தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில் பொரித்தால் போதும். நாகூர்ப் பக்கத்தவர்களுக்கு இறால் வாடா இருக்கிறது. கீழக்கரைக்காரர்கள் வீட்டில் தொதல் இல்லாமலா இருக்கும்? என் தேர்வு கடல்பாசி. முந்தைய இரவே காய்ச்சி ஊற்றி வைத்துவிடலாம், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் உறையும், செலவும் குறைவு. எண்ணெய் ஆகாதவர்களுக்கு அவித்த வேர்க்கடலையோ சுண்டலோ வையுங்கள். கடையில் வாங்கிய கேக்கை நடுவில் வைத்துப் படம் எடுத்துப் பகிர்வது அண்மையில் சேர்ந்த பழக்கம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் ‘நம்மால் முடியாது’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

நான் சென்ற பல விருந்துகளில் கண்ட குறை ஒன்று உண்டு. ஆண்கள் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டுப் பெண்மணி கடைசிவரை அடுப்படியில் நிற்பார். விருந்தினரில் பெண்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசவும் அவருக்கு நேரம் இருக்காது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தேநீர் ஊற்றுவதும் தட்டு எடுப்பதும் ஆண்பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைதான். பெண்கள் அறைக்குத் தனியே ஒரு பிளாஸ்கும் தட்டும் முதலிலேயே போய்விட்டால், அங்கிருந்து யாரும் எழுந்து வர வேண்டியிருக்காது.

பரிமாறும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நபி (ஸல்) அவர்களின் இடப்பக்கம் அபூபக்கர் (ரலி) அவர்களும் வலப்பக்கம் ஒரு கிராமவாசியும் அமர்ந்திருந்தபோது, பால் கிண்ணம் அந்தக் கிராமவாசிக்கே முதலில் போனது. சங்கத் தலைவர் இடப்பக்கம் இருந்தாலும் காவலாளி வலப்பக்கம் இருந்தால் காவலாளிக்குத்தான் முதல் கோப்பை. ஊற்றிக் கொடுப்பவர் கடைசியில் குடிக்க வேண்டும்.

விருந்தினருக்கும் ஒரு வார்த்தை. உணவருந்தியதும் பேச்சில் லயித்து உட்கார்ந்துவிடாமல் கலைந்து செல்லுமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53-ஆவது வசனம் நபியின் வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்கிறது. கோப்பை காலியானதும் உடனே எழ வேண்டும் என்பதில்லை. பாங்கு சொன்ன பிறகும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மீந்த சமோசாவை ஆறிப்போகும் முன், பள்ளிக்குப் போகும் வழியிலேயே அடுத்த வீட்டில் கொடுத்துவிடலாம். கோப்பைகளை மஃரிபுக்குப் பின் வந்து ஆண்கள் கழுவிக்கொள்ளட்டும்.