மலையகமும் மருந்து அனுமதியும்

பதிவு பெற்ற பின்பே ஒரு மருந்து விற்பனைக்கு வரலாம் என்ற முறை இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்தோடுதான் உறுதிப்பட்டது. மலையகத் தோட்டங்களோ அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புதிய மருந்துகளைக் கண்டுவிட்டன.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. முதலில் கீனோபோடியம் எண்ணெய், 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடு. பின்னது ஈரலைத் தாக்கக்கூடியது. எவ்வளவு தாக்கும் என்று அறிய, மரண தண்டனை பெற்ற கைதிகளுக்கு அதைக் கொடுத்து, தூக்குக்குப் பின் உடலை அறுத்துப் பார்த்தார்கள். அந்த அறிக்கை 1923இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. அன்றைய மருந்துப் பரிசீலனை இவ்வளவுதான். லயத்தில், அதாவது தோட்ட வரிசை வீட்டில், இருந்தவரிடம் சம்மதம் கேட்கச் சொல்லும் விதி கிடையாது.

இந்தியா 1940இலேயே மருந்துச் சட்டம் இயற்றியது. இலங்கை வேறு வழியில் போனது: பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனைப்படி 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், தேவையானவற்றை மட்டும் மொத்தமாக வாங்கியது. பங்களாதேஷ் 1982இல் ஒரே ஆணையால் ஏறத்தாழ 1,700 மருந்துகளை விலக்கத் தீர்மானித்தது. மூன்றிலும் துணிச்சலானது இதுவே.

இன்றைய வேறுபாடு உற்பத்தியில் இருக்கிறது. இந்தியாவில் புதிய மருந்துக்கு மத்திய அமைப்பு அனுமதி தரும். 2019இன் விதிகள் அதற்கானவை. உற்பத்தி உரிமத்தைப் பெரும்பாலும் மாநிலங்களே தருகின்றன. தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இலங்கையில், 2015இன் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை முக்கியமாகப் பிறர் தரும் ஆவணங்களைப் படித்தே முடிவு செய்கிறது.

2022இன் டொலர் நெருக்கடியில் பதிவில்லாத மருந்துகளுக்கும் விலக்களிப்பு பெருகியது. அடுத்த ஆண்டு நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு, இந்தியாவிலிருந்து வந்த பிரட்னிசொலோன் கண்சொட்டு மருந்தால் தொற்று ஏற்பட்டது. சிலர் பார்வையை இழந்தனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே பாதிப்பு. மருந்து திரும்பப் பெறப்பட்டது, இந்தியாவும் விசாரித்தது. ஆனால் இரு நாட்டு அனுமதி முறைகளுக்கு நடுவே அந்தக் குப்பி நோயாளியின் கண்வரை வந்துவிட்டது. வாங்கும் நாடு தன் ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்காதவரை, ஆவணப் பதிவு பாதிக் காவல்தான்.